வாயால் சுட்ட கேக்

என் தம்பிக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் "நானே பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிடுவான். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்த்ததிலேயே இவனுக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்குமேல் காரியம் ஒரு அங்குலம் நகராது. வாயாலேயே வடை சுட்டு ஊருக்கே பந்தி போடுகிற ஆள்.

இந்த முறை கேட்டது அவன் பெற்ற மகள். எட்டு வயதாகப் போகிறது. வைத்த பெயர் ஒன்று, நாங்கள் கூப்பிடுவது வாலு. "பிறந்த நாளுக்கு எனக்கு மாடி வச்ச கேக் வேணும். மேல ஆமை உட்கார்ந்திருக்கணும். நீயே பண்ணணும்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். இவனும் கொஞ்சமும் யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறான்.

"நீயே" என்பதை அவள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போன பிறந்த நாளுக்குப் பொம்மை வீடு கேட்டாள். தன் கையாலேயே செய்ததாகச் சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் வைத்த வீடு. கொஞ்ச நாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திரிந்தாள். பிறகு ஒரு நாள் தெருவில் எதிரே வந்த தச்சர், "நான் செஞ்ச வீடு எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போன வீடு இன்னும் வெளியே வரவில்லை.

தம்பியும் அவன் மனைவியும் பிரிந்துதான் இருக்கிறார்கள். வாலு இருப்பது அம்மாவோடு. சனிக்கிழமை பகலில் அப்பா வீட்டுக்கு வருவாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். இரவு தங்கியதே கிடையாது. அவளுக்கென்று இவன் ஓர் அறையை ஒழித்துக் கட்டில் போட்டு, ஆமைப் படம் போட்ட விரிப்பு விரித்து வைத்திருக்கிறான். அந்த விரிப்பில் இன்றுவரை ஒரு சுருக்கம் விழவில்லை. அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவன் மேல் எரிச்சலும் வரும், கூடவே பாவமாகவும் இருக்கும்.

"இந்தத் தடவை தங்குறியாடா செல்லம்?" என்று அவன் கேட்டதற்கு அவள், "கேக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறாள். அவள் அம்மாவும் ஒத்துக்கொண்டாள். கேக் வெட்டின பிறகு போன் செய்வாள். தங்குகிறேன் என்றால் தங்கட்டும், இல்லையென்றால் வந்து கூட்டிப் போய்விடுவாள். ஆக, ஒரு பிள்ளை அப்பா வீட்டில் தூங்குவதும் தூங்காததும், வாழ்நாளில் முட்டை உடைத்தறியாத ஒரு மனிதன் சுடப் போகிற கேக்கின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கேக் செய்து விற்கிறவள். கல்யாண கேக்கிலிருந்து கால்பந்து கேக் வரை என் சமையலறையிலிருந்துதான் போகும். இதைக் கேள்விப்பட்டதும், "கம்முனு இரு, நான் பண்ணிக் கொண்டுவந்து வச்சிடுறேன்" என்றேன்.

"நீ பண்ணா அது நீ பண்ணதுதானேக்கா" என்றான். "எனக்கு உன் வாய் மட்டும் போதும். கை வேணாம்."

முதல் தடவையாக உருப்படியாக ஒன்று பேசினான் என்று நினைத்தேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இவன் வீட்டில் உருப்படாமல் போக இனி என்ன பாக்கி, வரட்டும் ஆமை என்று ஒத்துக்கொண்டேன்.

மாடியில் ஆரம்பித்தேன். "மூணு அடுக்கெல்லாம் உனக்கு வேணாம். கீழ பெருசா ஒரு வட்டம், மேல சின்னதா ஒரு வட்டம், அதுக்கு மேல ஆமை. மூலை இருக்கிற வடிவத்துப் பக்கமே போகாதே. புதுசா பண்றவனுக்கு வளைவுதான் துணை. கிண்ணத்துல கேக்கைச் சுட்டுக் கவிழ்த்துட்டா ஆமையோட முதுகு ரெடி. தலையும் காலும் ஃபாண்டன்ட்ல உருட்டி ஒட்டிக்கலாம்." ஃபாண்டன்ட் என்பது சர்க்கரைத் தூளில் பிசைந்த மாவு, களிமண் மாதிரி பிடித்த பிடிக்கு வரும்.

"இவ்வளவுதானா?" என்றான். அவன் இவ்வளவுதானா என்றாலே ஏதோ உடையப் போகிறது என்று அர்த்தம்.

முதல் கேக்கைச் சுட்ட அன்றைக்கு போன் வந்தது. "அக்கா, நடுவுல குழி விழுந்துடுச்சு."

"ஓவனைத் திறந்தியா?"

"லேசா."

"எத்தனை தடவை?"

"வேகுதா இல்லையான்னு பார்க்க வேணாமா?"

என் தம்பிக்குத் தொழில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காலை முதல் மாலை வரை "மெதுவா, மெதுவா, அவசரப்படாதீங்க" என்று ஊராருக்கு உபதேசம் செய்கிறவன். "டேய், உன்கிட்ட கத்துக்க வர்றவர் போற வழியில எல்லாம் நிறுத்தி நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தா நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டேன்.  "சரி, மூடி வச்சே சுடுறேன்" என்றான்.

அடுத்த கேக் குழி விழாமல் வந்தது. வந்த சந்தோஷத்தில் சுடச்சுட அதன் தலையில், வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர் கிரீமைக் கொட்டியிருக்கிறான். அது உருகி, வழிந்து, மேசை விளிம்பிலிருந்து தரைக்கு இறங்குவதை எனக்கு வீடியோ எடுத்து வேறு அனுப்பினான்.

"ஆறட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"மேல தொட்டுப் பார்த்தேன்க்கா, ஆறித்தான் இருந்தது."

"உள்ள? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?"

பூச்சுக்கு வந்தோம். முதல் பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும், அது அழகுக்கு இல்லை, உதிர்கிற துகள்களைப் பிடித்து வைப்பதற்கு, ஃப்ரிட்ஜில் வைத்து அது இறுகிய பிறகுதான் இரண்டாவது என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். "ரெண்டையும் சேர்த்து ஒரே பூச்சா தடியா பூசிட்டா ஒரு வேலை மிச்சம்தானே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பூசிவிட்டுப் படம் அனுப்பினான். ஒரு வாரம் சவரம் செய்யாத முகம் மாதிரி இருந்தது கேக். சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசச் சொன்னேன்.

நிறத்துக்குப் பச்சைச் சாயத்தை ஊசி முனையால் தொட்டுக் கலக்கச் சொன்னேன். நேரம் ஆக ஆக நிறம் தானாக ஏறும், அதனால் கொஞ்சம் வெளிறி இருக்கும்போதே நிறுத்திவிடு என்றேன். அவன் பாதி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, சுவை பார்க்கிறேன் என்று நக்கியிருக்கிறான். அடுத்த நாள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அம்மாள், "சார், உங்க நாக்கு ஏன் இப்படி இருக்கு, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாராம். அதையும் எனக்குப் பெருமையாகச் சொன்னான்.

எல்லாவற்றையும் விட நான் தொண்டை கிழியச் சொன்னது ஸ்ட்ரா விஷயம். "மேல் கேக்கோட பாரத்தைக் கீழ் கேக் தாங்காதுடா. கீழ் கேக்குக்குள்ள தடிமனான ஸ்ட்ராவைத் தூண் மாதிரி நடணும். முதல்ல ஒண்ணைக் குத்து, கேக் மட்டத்துல குறி போட்டு வெட்டு, மத்த எல்லாத்தையும் அதே அளவுக்கு வெட்டு. மேல் கேக், அதுக்கு அடியில வச்ச அட்டையோட அந்தத் தூண் மேலதான் உட்காரணும்."

"புரிஞ்சுதுக்கா."

"என்ன புரிஞ்சுது, திருப்பிச் சொல்லு."

"ஸ்ட்ரா."

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் வாயில் என்னென்னவோ வந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் மனசு கேட்காமல் அவன் வீட்டுக்கே போனேன். சமையலறைக்குள் கால் வைத்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. குழாயில் வெண்ணெய். மின்விசிறிச் சுவிட்சில் பச்சை விரல் அடையாளம். கழுவாத பாத்திரம் குளியலறை வரை போயிருந்தது. இதற்கெல்லாம் நடுவில், மேசை மேல் நின்றது கேக். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

நிஜமாகவே செய்துவிட்டான். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. முதல் முறையாக என் தம்பி சொன்னதைச் செய்துவிட்டான். இரண்டு மாடி இருந்தது. ஆமை இருந்தது. ஆமைக்குத் தலை உருளைக்கிழங்கு போல் இருந்தது, ஒரு கண் கூரையைப் பார்த்தது, மற்றது கதவைப் பார்த்தது. பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்தது. ஆனால் அதில் ஓர் அங்குலம்கூட வேறு யாருடைய கையும் படவில்லை.

"உயிரோட இருக்கிற மாதிரி இல்ல?" என்றான்.

"உயிர் போற மாதிரி இருக்கு" என்றேன். அவன் சிரித்தான். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம். முழங்கை வரை பச்சை.

மகளைக் கூட்டி வரக் கிளம்பினான். வாசலில் நின்று, "தொடக்கூடாது" என்று என்னிடம் விரல் நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனான். நானும் தொடுவதாக இல்லை. சத்தியமாக இல்லை. பாத்திரத்தையாவது தேய்ப்போம் என்று குழாயடிக்குப் போனேன்.

திரும்பிப் பார்த்தால் மேல் மாடி சாய்ந்திருந்தது. முதலில் என் கண்தான் கோளாறு என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆமை என் கண் முன்னாலேயே மெல்ல வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. விட்டால் அவர்கள் வரும்போது தரையில்தான் கிடக்கும். அந்தப் பிள்ளை கதவைத் திறந்ததும் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும்.

என்ன செய்வேன்? கையைக் கழுவினேன். ஆமையைத் தூக்கித் தட்டில் வைத்தேன். மேல் கேக்கை அட்டையோடு எடுத்து நகர்த்தினேன். உள்ளே ஸ்ட்ராக்கள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று இரண்டுக்கும் நடுவில். கண்ணளவில் வெட்டியிருக்கிறான், கடன்காரன். எல்லாவற்றையும் பிடுங்கி ஒரே அளவாக வெட்டி நட்டேன். மேல் கேக்கைத் திரும்ப ஏற்றினேன். அசையாமல் உட்கார்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தூக்கிய இடத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் அடைத்தேன். அடைத்த இடம் மட்டும் வழுவழுப்பாகத் தெரிந்தது, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி. சரி, அதைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தேன். அப்புறம் இன்னொன்று. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், கேக் பூசின கையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விளிம்பு கத்தி போல் நின்றது. அடியில் கிரீமைச் சிப்பி சிப்பியாக ஒரு வரிசை பிழிந்தேன். முதுகு ஓட்டில் கட்டம் போட்டேன். கண் இரண்டையும் ஒரே திசைக்குக் கொண்டுவந்தேன். உருளைக்கிழங்குத் தலைக்குக் கழுத்து வந்தது, இமை வந்தது, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பும் வந்தது. ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன். கடையில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கதவு திறந்தது.

வாலு முதுகில் பையோடு ஓடி வந்தாள். மேசைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். கேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விளிம்பைப் பார்த்தாள். குனிந்து அடியில் இருந்த சிப்பி வரிசையைப் பார்த்தாள். ஆமையின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இது அத்தை பண்ணது" என்றாள்.

"இல்லடா, அப்பாதான்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்த தம்பி, கேக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"வாலு, அப்பாதான்டி பண்ணான்" என்று நான் ஆரம்பித்தேன். "சாயுற மாதிரி இருந்துச்சு, நான் கொஞ்சம் சரி பண்ணேன், அவ்வளவுதான்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

பூச்சு இழுத்த ஸ்பேச்சுலா இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தச்சர் மாமாவும் இப்படித்தான் அழகா பண்ணியிருந்தார்" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலச் சொன்னாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பையையும் கழற்றவில்லை, ஷூவையும் கழற்றவில்லை.

தம்பி தன் பச்சைக் கையைக் காட்டினான். "சாயம் யார் வேணா தொடலாம்" என்றாள். நாக்கை நீட்டிக் காட்டினான், அதில் நிறம் எப்போதோ போய்விட்டிருந்தது. செய்த பாத்திரத்தையாவது காட்டலாம் என்றால் பாதியை நான் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கெட்ட நேரத்தில் எனக்குச் சுத்தம் வேறு வந்து தொலைத்தது. போன வருஷம் ஒரு பொய் சொன்னவன், இந்த வருஷம் உண்மையைச் சொல்லி நம்ப வைக்க ஒரு வழியில்லாமல் நின்றான்.

"கேக் வெட்டலாமா?" என்று கேட்டான். 

"வெட்டுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அவனை நீ, வா, போ என்று கூப்பிடுகிற பிள்ளை.

அவன் கத்தியை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஆமையை வெட்ட வேண்டாம் என்று எடுத்து ஓரமாக வைத்தோம். மேல் மாடியில் கத்தி இறங்கியது, பாதியில் எங்கோ இழுத்துப் பிடித்தது. அங்கே ஸ்ட்ராவே கிடையாதே என்று யோசித்தேன். அவன் அறுப்பது போல் முன்னும் பின்னும் இழுத்து ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தான். மரியாதைக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டாள்.

மென்றாள். இன்னும் மென்றாள். நெற்றி சுருங்கியது. வாய்க்குள் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தாள். முக்கோணமாக, பழுப்பாக, ஈரமாக ஒரு காகிதம் வந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தட்டில் இருந்த துண்டை விரலால் பிரித்தாள். கேக், கிரீம், அதற்குக் கீழே கேக், அதற்குக் கீழே இன்னொரு காகிதம். சுடும்போது ஒட்டாமல் இருக்கத் தட்டுக்குள் அடியில் போடுகிற காகிதம். சுட்டதும் உரித்து எறிய வேண்டியது. எறியாமல், ஒவ்வொரு அடுக்கையும் அதோடேயே தூக்கி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒழுங்காகக் கிரீம் தடவி, இரண்டு மாடி கட்டியிருக்கிறான் என் உடன்பிறப்பு. அதன் மேல்தான் நான் அத்தனை நேரம் இழைத்து இழைத்துப் பூசியிருக்கிறேன்.

"அத்தை, நீங்க பேப்பர் வச்சுத்தான் கேக் பண்ணுவீங்களா?"

"என் தொழில்ல ஒரு நாளும் பண்ணதில்ல" என்றேன். நான் அன்றைக்குப் பேசியதிலேயே பிரயோஜனமான வாக்கியம் அதுதான். "எவனும் பண்ண மாட்டான்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "வீடியோவுல பேப்பரைப் போட்டாங்க. எடுத்ததைக் காட்டவே இல்ல" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் சொல்லவே இல்லையேக்கா" என்றான்.

வந்த ஆத்திரத்துக்கு ஸ்பேச்சுலாவாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். மூச்சு விடுவதற்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா ஒருத்தனுக்கு? ஆனால் அதற்குள் வாலு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டாள். "அப்பா, கீழ் மாடியிலயும் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். "எல்லாத்துலயும்" என்று அவன் சொன்னான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பை இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றித் தூக்கிப் போட்டாள். நான் கத்தி போல் நிறுத்திய விளிம்பை இரண்டு கையாலும் பிளந்து, உள்ளே காகிதத்தைத் தேடித் தேடி உருவினாள். ஒவ்வொன்று வரும்போதும் அவனிடம் தூக்கிக் காட்டினாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பாலா எதனாலா என்று நான் கேட்கவில்லை.

போன் அடித்தது. அவள் அம்மா. கிரீம் கையோடு வாலுவே எடுத்தாள்.

"ஆமாம்மா, பார்த்துட்டேன். மேல அத்தை பூசியிருக்காங்க. உள்ள பூரா பேப்பர்." கொஞ்ச நேரம் கேட்டாள். "இல்லம்மா, அத்தைக்கு இந்த மாதிரி பண்ண வராது. அப்பாதான். நீ நாளைக்கு வா."